பாதியில் நின்ற மாடிக் கட்டிடத்தை மழைக்கு முன் மூடிவைக்கும் முறை

ரங்கூன் நகர மையத்தில் 2021-க்குப் பிறகு வேலை நின்றுபோன உயரக் கட்டிடங்கள் பல இன்னும் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. போஜோ ஆங் சான் வீதியில் பழைய ரயில்வே தலைமையகத்தை ஒட்டிய யோமா சென்ட்ரல் போலப் பெரியவையும் உண்டு. மனைக்காரரும் கான்ட்ராக்டரும் வீடுகளைப் பங்கு பேசிக்கொண்டு தெருக்களில் தொடங்கிய சிறிய கட்டிடங்களும் உண்டு. கடன் வரவில்லை, மியான்மர் நாணயமான கியாட் இறங்கியது, கம்பியும் சிமெண்டும் எட்டாத விலைக்குப் போயின. காரணம் எதுவானாலும் வேலையை நிறுத்துவதும் ஒரு வேலைதான். அதற்கென்று கையில் கடைசியாக இருக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கியே ஆக வேண்டும். ஒழுங்காக மூடிவைத்த கட்டிடத்தை ஐந்து வருடம் கழித்தும் தொடரலாம். அப்படியே போட்டுவிட்டுப் போனதை இரண்டு மழைக்காலம் கெடுத்துவிடும்.

இங்கே மழை மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நிற்காது. ஆகவே கீழே சொல்லும் வேலைகள் ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். செலவுக் கணக்கைக் கியாட்டில் மட்டும் எழுதாதீர்கள். அரசு விகிதம் 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 என்று நிறுத்தப்பட்டது, சந்தை விகிதம் அதைவிட எங்கோ மேலே போய்விட்டது. மாதம் இத்தனை லிட்டர் டீசல், இத்தனை காவலாள், இத்தனை மூட்டை சிமெண்ட் என்று எழுதினால்தான் அடுத்த வருடமும் அந்தக் கணக்கு உதவும்.

முதலில் நிலவறை, பம்பை நிறுத்துமுன்

பலரும் செலவைக் குறைக்க முதலில் நிறுத்துவது நிலத்தடி நீரை இறைக்கும் பம்பைத்தான். மிக ஆபத்தான சிக்கனம் அதுவே. நகரின் கீழ்ப்பகுதி சதுப்பை நிரப்பி எழுப்பிய நிலம், ஆறும் பக்கத்தில். மழைக்காலத்தில் தண்ணீர் தரைக்கு அருகில் வந்துவிடும். மேலே போதிய பாரம் ஏறாத நிலவறையை அந்தத் தண்ணீர் கீழிருந்து தூக்கும். ராஃப்ட் (நிலவறையின் அடியில் பரப்பி ஊற்றிய அடித்தளக் காங்கிரீட்) விரிசல் விடும், சுவர் மூட்டுகள் பிளக்கும், கட்டிடம் ஒரு பக்கமாகச் சாயும்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் 1 டன் தூக்கும். ராஃப்ட்டின் அடி தரைக்குக் கீழ் 9 மீட்டரில் இருக்கிறது, மழையில் நீர்மட்டம் தரைக்கு 1 மீட்டர் கீழே வருகிறது என்று கொள்வோம். தூக்கும் விசை 8 டன். 1.5 மீட்டர் ராஃப்ட் 3.75 டன். நிலவறைச் சிலாப், தரைச் சிலாப் இரண்டும் பீம், தூணோடு சேர்த்துத் தலா 0.8 டன் என்றால் 1.6 டன். மொத்தம் 5.35 டன். பாதுகாப்புக்கு 8-ஐ 1.1-ஆல் பெருக்கி 8.8 டன் வேண்டும். 3.45 டன் குறைகிறது, அதாவது தரைக்கு மேல் இன்னும் 5 மாடிச் சிலாப் ஏறியிருந்தால்தான் பம்பை நிறுத்தலாம். இழுவிசைக்கென்று வடிவமைத்த பைல்கள் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) இருந்தால் எஞ்சினியர் அவற்றையும் சேர்த்துக்கொள்வார். ஒரு எச்சரிக்கை: சராசரி எடுத்து ஏமாறாதீர்கள். டவர் நிற்கும் பகுதியில் பாரம் போதும், பக்கத்தில் இரண்டு மாடியோடு முடியும் போடியம் பகுதியில் போதாது. ராஃப்ட் வெடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் சேரும் கோட்டில்தான். தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

பாரம் போதவில்லை, டீசலுக்கும் வழியில்லை என்றால் நிலவறைக்குள் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்புவதுதான் வழி. மேலே சொன்ன கணக்கில் 3.5 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் குறை தீரும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிப்படியாக நிரப்பி, அதன் பிறகே பம்பை நிறுத்த வேண்டும். மோட்டார், கேபிள், சென்ட்ரிங் பலகை எல்லாவற்றையும் முன்பே மேலே ஏற்றிவிடுங்கள். ஆற்றோரத்தில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கலாம். குளோரைடு சோதனைத் தாளில் பார்த்துவிட்டு நல்ல தண்ணீரை மட்டும் விடுங்கள். உப்பு உள்ளே போனால் ராஃப்ட்டின் கம்பியை நீங்களே அரிக்க விட்டதாகும்.

பம்ப் ஓட வேண்டிய இடத்தில் மின்வெட்டை நினைத்து இரண்டு பம்ப், ஒரு ஜெனரேட்டர், மூன்று நாள் டீசல் எப்போதும் தயாராக இருக்கட்டும். குழியின் ஓரத்து மண்ணைத் தாங்கும் ஷீட் பைல் தகடும் குறுக்கு இரும்பு முட்டும் தற்காலிகம் என்று வடிவமைத்தவை, ஓரிரு வருடத்துக்கு மேல் அவற்றை நம்பக்கூடாது. பழைய இரும்புக்கு ஆசைப்பட்டு குறுக்கு முட்டு ஒன்றைக் கழற்றினாலும் அடுத்த வீடு இறங்கும். அனோரதா வீதியில் காளி கோயிலைச் சுற்றி இருப்பவை போன்ற பழைய செங்கல் கட்டிடங்களுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. பக்கத்துச் சுவரில் இருக்கும் விரிசல்கள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிப் படம் எடுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். அன்றே எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்காரரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி

அடுத்த மாடித் தூணுக்கென்று விட்ட கம்பி முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி துருப்பிடிக்காது. காங்கிரீட்டை விட்டு வெளியே வரும் அந்த இரண்டு அங்குலத்தைக் குனிந்து பாருங்கள். தூண் தலையில் மழைநீர் குட்டையாகத் தேங்குவதால் அங்கேதான் கம்பி இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். மேலே நன்றாகத் தெரியும் கம்பி அடியில் போயிருக்கும்.

கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உதிரும் துருவை எடுங்கள். ஒரு பங்கு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்), ஒரு பங்கு தண்ணீர், மூன்று பங்கு சிமெண்ட் கலந்த பாலை இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது. பிறகு தூண் தலை முழுவதும் 1:6 சாந்தால் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும்படி பூசுங்கள், தண்ணீர் வெளியே வழிந்துவிடும். சாந்து பலவீனமாக இருப்பதே நல்லது, பிறகு கொத்தி எடுக்கச் சுலபம். கிரீஸ், கழிவு ஆயில் எதுவும் தடவாதீர்கள், காங்கிரீட் பிடிக்காது. சிமெண்ட் பால் அடிக்காமல் வெறும் பாலிதீன் சுற்றினால் உள்ளே வியர்த்து இன்னும் வேகமாக அரிக்கும். தடித்த கம்பியை வளைத்துப் படுக்கவைப்பதும் கூடாது, நிமிர்த்தும்போது வளைவில் வெடிக்கும்.

போஸ்ட் டென்ஷன் சிலாப் (உள்ளே குழாய்களில் எஃகு கேபிள் விட்டு இழுத்து இறுக்குவது) இருந்தால் வேலையை நிறுத்துமுன் இழுக்க வேண்டிய கேபிளை இழுத்து, குழாயில் கிரௌட் (சிமெண்ட் கூழ்) ஏற்றிவிடுங்கள். கிரௌட் இல்லாத குழாய்க்குள் தண்ணீர் இறங்கினால் கேபிள் அறுந்த பிறகுதான் வெளியே தெரியும்.

கிரேன், சாரம், திறந்த ஓரங்கள்

டவர் கிரேன் சும்மா நிற்கும்போது காற்றோடு சுழல வேண்டும், ஸ்லூ பிரேக் (சுழலாமல் பிடிக்கும் பிரேக்) விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். பிரேக்கைப் பூட்டிவிட்டுப் போனால் கிரேனின் கை முழுவதும் காற்றைத் தாங்கி மாஸ்ட்டே (கிரேனின் செங்குத்துக் கம்பம்) கவிழலாம். 2008 மே மாதம் நர்கிஸ் அடித்த ஊர் இது. ஆறு மாதத்துக்குள் வேலை தொடராது என்றால் கிரேனைக் கழற்றி இறக்கிவிடுங்கள். கழற்றும் செலவு பெரிதுதான். பராமரிக்காத கிரேனை மூன்று வருடம் கழித்துக் கழற்ற எந்த ஆளும் ஏறமாட்டார்.

மூங்கில் சாரத்தை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். ஒரு மழையில் கட்டு இற்றுவிடும். மேல் மாடிகளில் பீமைத் தொடாமல் பாதியில் நிற்கும் செங்கல் சுவரை இடித்து இறக்குங்கள், காற்று தெருவில் தள்ளிவிடும். லிஃப்ட் குழியையும் சிலாப் துளைகளையும் பலகையால் மூடி, நகராதபடி அடித்து, மேலே பெரிதாக எழுதுங்கள். சிலாப் ஓரத்தில் 1 மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டும். மிஞ்சிய சிமெண்டை விற்றுவிடுங்கள், மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும்.

தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரத்தில் வளரும். ஒவ்வொரு சிலாப்பிலும் நீர் வழிய வழி செய்து, காவலாளைக் கொண்டு வாரம் ஒருமுறை தள்ளச் சொல்லுங்கள். நிரப்பிய நிலவறையில் கப்பி மீன் விடலாம், அல்லது கொசுப் புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் மணலை 100 லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் போடலாம்.

தாள்கள்

பைல் சோதனை, காங்கிரீட் கியூப் சோதனை முடிவுகள், கம்பி ஆலைச் சான்றிதழ், எந்தத் தேதியில் எந்தச் சிலாப் ஊற்றியது என்ற பதிவு, மாற்றிய வரைபடங்கள், மாநகராட்சி அனுமதி: இவற்றின் மூன்று பிரதிகள் மனைக்காரர், கான்ட்ராக்டர், வாங்கியவர்கள் ஆகிய மூவரிடமும் தனித்தனியே இருக்கட்டும். வாங்கியவர்களின் வாழ்நாள் சேமிப்பு அந்தக் காங்கிரீட்டுக்குள் இருக்கிறது. இந்தத் தாள்கள் இல்லாமல் நேர்மையான எந்த எஞ்சினியரும் மேல் மாடிக்குக் கையெழுத்துப் போடமாட்டார். நிறுத்தும் நாளில் இரு தரப்பும் கூடி அளந்து, படம் எடுத்து, ஒரே தாளில் கையெழுத்திடுங்கள்.

திரும்பத் தொடங்கும்போது

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளி, பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக்கு மேற்பட்ட கட்டிடம் சரிந்தது. அந்த நிலநடுக்கம் எழுந்த சகாய்ங் நிலப்பிளவு பகோ வழியாக நமக்கு அருகிலேயே போகிறது. ஆகவே எந்தக் கட்டிடத்தையும் நின்ற இடத்திலிருந்து அப்படியே தொடராதீர்கள். முதலில் தூண்-பீம் மூட்டுகளையும் லிஃப்ட் சுவரையும் விரிசலுக்குப் பாருங்கள். எஞ்சினியர் காட்டும் இடங்களில் 100 மி.மீ. விட்டத்தில் காங்கிரீட் உருளை (கோர்) துளைத்து எடுத்து உடைத்துப் பாருங்கள். புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலின் கரைசலைத் தெளித்தால் நல்ல காங்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால் அதன் பாதுகாப்பு போய்விட்டது.

கம்பிக்கு எடை பாருங்கள். அதே வெயில் மழையில் கிடந்த ஒரு மீட்டர் துண்டைத் தேய்த்து நிறுக்கவும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று தெரியும்: 25 மி.மீ. கம்பிக்கு 3.86 கிலோ. 3.6 கிலோதான் வந்தால் ஏறக்குறைய 7 சதவீதம் போய்விட்டது. ஆலையிலிருந்தே சற்றுக் குறைவாக வந்திருக்கலாம் என்பதால் பழைய சான்றிதழோடு ஒப்பிடுங்கள். தூண் அடியின் ஒடுங்கிய இடத்தை வெர்னியர் காலிப்பரால் தனியாக அளக்க வேண்டும், எடை அதைக் காட்டாது. 5 சதவீதத்துக்கு மேல் குறைந்த கம்பிக்குப் பக்கத்தில் துளையிட்டு எப்பாக்சியில் புதுக் கம்பி நடுவதா, தூணைக் கொத்தி நல்ல கம்பிவரை போவதா என்று எஞ்சினியர் முடிவு செய்யட்டும்.

பழைய காங்கிரீட்டின் மேல் முகத்தை ஜல்லி தெரியும்வரை கொத்தி, தூசியை ஊதி, ஈரப்படுத்திய பிறகே புதிது ஊற்ற வேண்டும். நிலவறையில் நிரப்பிய தண்ணீரை அவசரப்பட்டு இறைக்காதீர்கள். உங்கள் கணக்கில் வேண்டிய சிலாப்கள் (முன்பு சொன்ன உதாரணத்தில் 5) மேலே ஏறும்வரை அது உள்ளேயே இருக்கட்டும்.