கீழே கிடந்த சொராரிட்டி பேட்ஜ் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் கல்லூரிப் பக்கமோ, குடிவந்த வீட்டின் பழைய அலமாரியிலோ முத்துப் பதித்த குட்டித் தங்க பேட்ஜ் ஒன்று கிடைத்தால் உடனே விற்கப் போய்விடாதீர்கள். அது கல்லூரிப் பெண்கள் சங்கமான சொராரிட்டியின் உறுப்பினர் பேட்ஜாக இருக்கலாம். பல சொராரிட்டிகளின் விதிப்படி பேட்ஜ் சங்கத்தின் சொத்து. உறுப்பினர் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அணியும் உரிமைதான் அவருக்கு, அதுவும் உறுப்பினராக இருக்கும் வரை.

எந்தச் சங்கம் என்பதை வடிவத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்: சாவி என்றால் கப்பா கப்பா காமா, அம்பு என்றால் பை பீட்டா ஃபை, பறக்கவிடும் பட்டம் என்றால் கப்பா ஆல்ஃபா தீட்டா. அப்புறம் ஒரு லென்ஸை வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், பெயரோ முதலெழுத்துகளோ, கிளையின் கிரேக்க எழுத்தோ, சில சமயம் எண்ணோ பொறித்திருக்கும். இரண்டு பக்கமும் படம் எடுத்து அந்தச் சங்கத்தின் தேசியத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். உறுப்பினர் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கும், உரியவர் இறந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் அவர்களே சொல்வார்கள். பின்பக்கப் படத்தைப் பொதுவில் போடவே போடாதீர்கள், அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் என்னுடையது என்று வந்து நிற்கலாம்.

பதில் வந்ததும் பஞ்சில் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்து, இன்சூரன்ஸோடு பார்சல் அனுப்புங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று ரசாயனத்தில் முக்க வேண்டாம், முத்து கெட்டுவிடும்.