மகப்பேறு மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: ஏ. எல். முதலியாரை முன்வைத்து

நூற்றாண்டு மலருக்கோ கல்லூரி ஆண்டிதழுக்கோ சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரைப் பற்றி எழுத முற்படுவோருக்குச் செய்தி கிடைக்காமல் போவது அரிது. ஒரே வகைச் செய்தி அளவுக்கு மீறிக் கிடைப்பதுதான் பெருந்தொல்லை. ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் இதற்குத் தக்க சான்று. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1954இல் பத்மபூஷண், 1963இல் பத்மவிபூஷண் என்று தேடும் இடமெல்லாம் பதவியும் பட்டமுமே வந்து குவியும். அவர் மகப்பேறு மருத்துவர் என்ற செய்தி அக்குவியலின் அடியில் ஒற்றை வரியாக நசுங்கிக் கிடக்கும். அந்த வரியை மேலே எடுத்து விரிப்பதற்கான வழியையே இங்கே கூறுகிறேன்.

முதல் வேலை, பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது. இவர் 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தவர். உடன்பிறந்தவரான ஏ. ராமசாமி முதலியார் அரசியலிலும் ஆட்சித்துறையிலும் பெயர்பெற்று, 1946இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். பழைய நாளிதழ்களில் வெறுமனே ‘சர் முதலியார்’ என்று வரும் செய்தி எவரைக் குறிக்கிறது என்பதை நாளையும் இடத்தையும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். ‘முதலியார் குழு’ என்ற பெயரும் இப்படிப்பட்டதே: 1952-53இல் அமைந்தது இடைநிலைக் கல்விக்கானது, 1959இல் அமைந்தது நாட்டின் நலவாழ்வு நிலையை ஆராய்வதற்கானது. இரண்டுக்கும் தலைவர் இவரே ஆதலால், ஒன்றின் பரிந்துரையை மற்றதன் தலையில் ஏற்றிவிடும் கட்டுரைகள் உண்டு.

அடுத்து ஒரு தாளை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவர் வாழ்வின் ஆண்டுகளையும் வலப்பக்கம் அந்தந்த ஆண்டில் பிரசவ மருத்துவம் இருந்த நிலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கி 1882இல் இப்போதைய இடத்துக்கு வந்தது என்பது வலப்பக்கத்தின் முதல் வரியாகலாம். பிரசவத்தின்போது கிருமி தொற்றுவதால் வரும் பேறுகாலக் காய்ச்சலை அடக்கிய சல்ஃபா மருந்துகள் 1930களின் நடுவில்தான் வந்தன. பெனிசிலின் 1940களில் வந்தது. அப்படியானால், முதலியார் எழும்பூரில் பெயரெடுத்த ஆண்டுகளில் பெரும்பகுதி, கிருமி தொற்றிவிட்டால் கொடுப்பதற்கு உருப்படியான மருந்து இல்லாத காலம். கை கழுவுவதும், கருவிகளைக் கொதிக்க வைப்பதும், தேவையின்றி உள்ளே கைவைக்காமல் பொறுத்திருப்பதுமே அன்று தாயைக் காத்தன. இதை உணர்ந்த பின் எழுதினால், ‘திறமைமிக்க மருத்துவர்’ என்ற வெற்றுப் புகழ்ச்சிக்கு இடமிருக்காது. அத்திறமை எதில் இருந்தது என்று சொல்ல முடியும்.

அதே வலப்பக்கத்தில் கர்ப்பிணிகளின் சோகைக்கும் ஓர் இடம் தர வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவர் லூசி வில்ஸ், 1928 முதல் பம்பாயில் இந்நோயை ஆராய்ந்தவர், 1931இல் சென்னையில் பெண்களுக்கென இருந்த கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அச்சோகை நீங்குவதை அவர் கண்டறிந்ததே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வரை கொண்டுசென்றது. முதலியாரும் அதே காலத்தில் சென்னை நகரில் தாய்மார் இறப்பதற்கான காரணங்களை ஆராய்ந்து 1933இல் அறிக்கை அளித்தார். அவரைப் பற்றி எழுதுபவர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அவ்வறிக்கையைப் படித்தாக வேண்டும் என்பது என் கருத்து. பட்டமளிப்பு விழா உரைகளில் துணைவேந்தர் பேசுகிறார். அறிக்கையில்தான் மருத்துவர் பேசுகிறார்.

சான்றுகளைத் தேடும்போது நினைவுக் கட்டுரைகளைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும், பணியாளர் எந்த நாளில் எந்தப் பொறுப்பேற்றார் என்று காட்டும் சிவில் லிஸ்ட் புத்தகங்களும் உள்ளன. கன்னிமாரா நூலகத்தில் பழைய அரசு அறிக்கைகளைப் பார்க்கலாம். இந்தியன் மெடிக்கல் கெசட் இதழின் பழைய தொகுதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பதவியேற்ற நாளை நினைவுக் கட்டுரை ஒன்று கூறி அரசாணை வேறொன்று கூறினால், அரசாணையையே ஏற்க வேண்டும்.

‘முதல்’ என்ற சொல்லை எழுதும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். முதலியார் 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார் என்பது உறுதியான செய்தி. ஆனால் கல்லூரி 1835இல் தொடங்கியது என்பதையும், உயர் பதவிகளை நெடுங்காலம் இந்திய மருத்துவப் பணி (Indian Medical Service) என்ற அரசுத் துறையின் ஆங்கில அதிகாரிகளே வகித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ‘முதல்’ வாசகருக்குப் பொருள்படும். மாறாக, 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை இக்கல்லூரியின் முதல் மாணவி என்று எழுதிவிடுவது பிழை. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் 1875இலேயே இங்கே சேர்ந்திருந்தனர்.

அவருடைய மகப்பேறு மருத்துவப் பாடநூல் 1938இல் முதலில் வெளிவந்தது. பின்னர் கிருஷ்ண மேனன் இணைந்ததால் மாணவர்கள் அதை இன்றும் ‘முதலியார் மேனன்’ என்றே அழைக்கிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டி ‘முதலியார் கூறுகிறார்’ என்று எழுதக் கூடாது. அவர் 1974 ஏப்ரல் 15 அன்று மறைந்தார். புத்தகமோ அதன் பின்னும் பல கைகள் பட்டுத் திருத்தம் பெற்றது. பழைய பதிப்பொன்றை நூலகத்தில் தேடியெடுத்துப் புதியதோடு ஒப்பிட்டு, பேறுகால வலிப்பு பற்றிய இயலில் எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தால் அதுவே கட்டுரையில் ஒரு நல்ல பகுதியாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு 1949-50இல் தலைமை ஏற்றதையும், 1961இல் புதுதில்லியில் கூடிய 14ஆவது உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைவரானதையும் ஒரு பத்திக்குள் முடிக்கலாம். மிச்சமாகும் இடத்தை நோயாளிகளுக்குக் கொடுங்கள். அக்கால மருத்துவ இதழ்களில் அவர்களுக்குப் பெயர் இராது. வயது, எத்தனையாவது பிள்ளைப்பேறு, எத்தனை நாள் வலியோடு வந்தார் என்பவை மட்டும் இருக்கும். அந்தக் குறிப்பை உள்ளபடியே எடுத்தாள வேண்டும். இல்லாத பெயரையும் ஊரையும் கண்ணீரையும் நம் கையிலிருந்து சேர்க்கக் கூடாது.