கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

“புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொல்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய முறைக்குரிய ஆலோசனை. பத்திரிகை வாசிக்கவோ, எதிரே வரும் வாகனத்தின் தூரத்தைக் கணிக்கவோ பார்வை இடைஞ்சல் தருகிறபோதே சிகிச்சை செய்துகொள்ளலாம். மிகவும் முற்றி இறுகிய புரையை அகற்றுவதுதான் கடினம்.

முதலில் கண்ணின் நீளத்தையும் முன்புற வளைவையும் அளந்து, புரை படர்ந்த இயற்கை வில்லைக்குப் (லென்ஸ்) பதிலாகப் பொருத்த வேண்டிய செயற்கை வில்லையின் வலுவைக் கணிப்பார்கள். சாதாரண வில்லை ஒரு தூரத்துக்கு மட்டுமே தெளிவு தரும். பெரும்பாலானோருக்குத் தூரப் பார்வையையே குறியாக வைப்பதால், வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். நாள் முழுவதும் தையல் வேலை செய்பவரோ, இரவில் வாகனம் ஓட்டுபவரோ அதை இந்தக் கட்டத்திலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னர் வரும் ஏமாற்றங்களில் பல, இந்தப் பேச்சு நடக்காததால் வருபவை. பல தூரங்களுக்கான வில்லைகளும் உண்டு, ஆனால் அவற்றில் இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும். நீரிழிவு இருப்பதையும், சிறுநீர்த் தடைக்கு டாம்சுலோசின் எடுப்பதையும் மறைக்காதீர்கள்; அந்த மாத்திரை சத்திரசிகிச்சையின்போது கண்மணி விரிவதைப் பாதிக்கும்.

அன்றைய தினம் கண் மட்டும் மரத்துப்போகச் செய்யப்படும். நீங்கள் விழித்தே இருப்பீர்கள். முகத்தைத் துணியால் மூடுவார்கள், பிரகாசமான ஒளி தெரியும், அழுத்தம் உணரலாம். இருமல் வந்தால் அசையாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நவீன முறையில் 2 முதல் 3 மில்லிமீற்றர் துளை வழியாகப் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி, மடித்த வில்லையை உள்ளே விரிய விடுவார்கள். “உடம்பு அதை ஏற்குமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: போர்விமானிகளின் கண்களில் தங்கிய, விமானக் கண்ணாடியின் பெர்ஸ்பெக்ஸ் (ஒருவகைப் பிளாஸ்டிக்) துண்டுகள் பெரிய அழற்சியை உண்டாக்கவில்லை என்பதைக் கவனித்தே கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் அந்தவகைப் பிளாஸ்டிக்கால் செய்த முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார்.

வீடு திரும்பியபின் கண் மங்கலாகவும் மணல் விழுந்ததுபோல உறுத்தலாகவும் இருப்பது வழக்கம். நீல நிறம் திடீரெனப் பிரகாசமாகத் தோன்றும். மஞ்சளித்திருந்த பழைய வில்லை போய்விட்டதே காரணம். சொட்டு மருந்து விடும்போது கையைச் சோப்பிட்டுக் கழுவி, கீழிமையை இழுத்து, போத்தல் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு துளி விட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். வைத்தியர் அனுமதிக்கும்வரை கிணற்றடியில் வாளியால் தலைக்கு வார்க்காமல் கழுத்துக்குக் கீழேயே குளிப்பதும், விறகடுப்புப் புகையையும் கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் தவிர்ப்பதும், மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினால் தூசு படாமல் கண்ணாடி அணிவதும் அவசியம்.

வலி கூடினால், சிவப்பு அதிகரித்தால், பார்வை குறைந்தால், மின்னல்போல ஒளியோ திரை விழுந்ததுபோல நிழலோ தெரிந்தால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கிருமித்தொற்று அரிது, ஆனால் தாமதித்தால் கண்ணே போய்விடலாம்.

புதிய கண்ணாடிக்கான சோதனை நான்கு முதல் ஆறு வாரங்களின் பின்னரே. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால் புரை திரும்பவில்லை. வில்லையைத் தாங்கும் பின்சவ்வு தடிப்பதே பொதுவான காரணம், அதை லேசர் மூலம் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.