நேர்காணலுக்குத் தயாராவது எப்படி: என்னைக் கவிழ்த்த ஒரு கேள்வியிலிருந்து

"சரி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

ஒரே நேர்காணலில் இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. "நாங்கள் மாற்றினோம்", "டீமில் பேசி முடிவெடுத்தோம்", "அது சரிசெய்யப்பட்டது". இருபது நிமிடம் பேசியிருக்கிறேன், அதில் ஓர் இடத்தில்கூட நான் இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தயாராகும் முறையையே மாற்றினேன். அடுத்து போன மூன்றில் இரண்டு கைகூடின. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரெஸ்யூமே எழுதுவது, நேரத்துக்குப் போவது, சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம்.

படி 1: விளம்பரத்தில் வினைச்சொற்களைத் தேடுங்கள்

வேலை விளம்பரத்தைக் காகிதத்தில் அச்செடுங்கள். "துடிப்பானவர்", "ஆர்வமுள்ளவர்" போன்றவற்றைத் தாண்டிப் போய்விடலாம், அவை எல்லா விளம்பரத்திலும் இருக்கும். "புகார்களைக் கையாள வேண்டும்", "மாத அறிக்கை தயாரிக்க வேண்டும்" என்று வருகிற வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஐந்தாறு மிஞ்சும். கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் முளைக்கும்.

படி 2: ஆறு சம்பவங்களை எழுதுங்கள்

"அடிக்கடி கேட்கப்படும் 50 கேள்விகள்" என்று தேடி, பதில்களை மனப்பாடம் செய்கிறவர்கள் அதிகம். நானும் செய்தேன். கேள்வி கொஞ்சம் புரண்டு வந்தாலே பதில் தொலைந்துபோகும். அதனால் பதில்களை விட்டுவிட்டு, உங்களுக்கு நடந்த ஆறு சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒருவரோடு கருத்து மோதல் வந்தது, நீங்களே தவறு செய்தது, நேரம் போதாமல் திணறியது, தெரியாத ஒன்றை அவசரமாகக் கற்றது, தயங்கியவரைச் சம்மதிக்க வைத்தது. "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டாலும் "ஒருமுறை தோற்றதைச் சொல்லுங்கள்" என்று கேட்டாலும் அந்த மூன்றாவது சம்பவமே கைகொடுக்கும்.

ஏன் சம்பவம்? "முன்பு எப்போதாவது இப்படி நடந்திருக்கிறதா, அப்போது என்ன செய்தீர்கள்?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு மதிப்பெண் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னால் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதைக் கணிப்பதில், இப்படி வரையறுத்த நேர்காணலுக்கு 0.51, மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.38 என்று வந்தது. (1 என்றால் கச்சிதமான கணிப்பு, 0 என்றால் பூவா தலையா.) 2022-இல் பால் சாக்கெட் என்ற இன்னோர் ஆய்வாளரின் குழுவினர் மறுகணக்கு போட்டபோது இரண்டுமே இறங்கி 0.42, 0.19 ஆகின. இடைவெளி மட்டும் கூடிவிட்டது. ஆக, கையில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் சம்பவத்துக்காகக் காத்திருக்கிறார். "நான் கடின உழைப்பாளி" என்று சொன்னால் அவர் அதை எந்தக் கட்டத்தில் குறித்துக்கொள்வார்?

படி 3: "நாங்கள்" என்பதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன்.

சம்பவத்தைச் சொல்ல ஸ்டார் (STAR) என்று ஒரு முறை உண்டு: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. இணையத்தில் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நான் சூழலுக்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, செயலை ஒரே வரியில் முடித்திருந்தேன். அன்றைக்கு நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறினோம். வாடிக்கையாளர் பட்டியலில் நிறைய குழப்பம் இருந்தது. டீமாக உட்கார்ந்து எல்லாம் சரிசெய்யப்பட்டது."

பிறகு அதையே இப்படி மாற்றினேன்:

"புதிய மென்பொருளுக்கு மாறியபோது பட்டியலில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று இடங்களில் வந்தார். பட்டியலைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. முதலில் பெயரை வைத்துத் தேடினேன், எழுத்துப் பிழைகளால் அது சரிவரவில்லை. அப்புறம் தொலைபேசி எண்களைப் பார்த்தேன். ஓர் இடத்தில் நடுவே இடைவெளி, ஓர் இடத்தில் முன்னால் நாட்டுக் குறியீடு. அவற்றை நீக்கி, கடைசி எட்டு இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டேன். சந்தேகம் வந்த முப்பது பேரை விற்பனைப் பிரிவு நண்பரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். 4,200 வரிகள் 3,650 ஆயின. அடுத்த மாதம் ஒருவருக்கே இரண்டு பில் போவது நின்றது."

வேலை ஒன்றுதான். இரண்டாவதில் மட்டும் ஓர் ஆள் தெரிகிறார்.

நம்மில் பலருக்கு "நான் செய்தேன்" என்று சொல்ல நாக்கு கூசும். தம்பட்டம் அடிப்பது போலத் தோன்றும். அந்தக் கூச்சம் நல்லதுதான், ஆனால் நேர்காணலில் அது தகவலை மறைத்துவிடுகிறது. எழுதி வைத்த சம்பவத்தை எடுத்து, "நாங்கள்", "-ஓம்", "-பட்டது" என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் "யார்?" என்று எழுதுங்கள். நீங்கள்தான் என்றால் "நான்". வேறொருவர் என்றால் அவர் செய்ததாகவே இருக்கட்டும். அடுத்தவர் வேலையைத் தன் கணக்கில் போட்டுக்கொண்டால், "ஏன் எட்டு இலக்கம்? ஏன் ஆறு இல்லை?" என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நேரக் கணக்கு: மொத்தம் இரண்டு நிமிடம். சூழலும் பொறுப்பும் அரை நிமிடம், விளைவு கால் நிமிடம், மீதி முழுவதும் செயல்.

படி 4: குரலைப் பதிந்து கேளுங்கள்

கைபேசியில் இருக்கும் ஒலிப்பதிவு வசதியே போதும். வீடியோ வேண்டாம், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போமே தவிர, சொன்னது காதில் ஏறாது. கண்ணாடி முன் நின்று பேசுவதும் எனக்குப் பயன்படவில்லை. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிச் செயலிகள் இரண்டைப் பார்த்தேன். உளறினாலும் "அருமையான பதில்" என்றன, நீக்கிவிட்டேன். உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு நண்பர் கேட்டுவிட்டு "புரியவில்லை" என்று சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். அவரோடு காணொளியில் பயிற்சி செய்வதாக இருந்தால் கூகுள் மீட் போதும். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

பதிந்ததை எழுதிப் படிக்காதீர்கள், மறுபடி மனப்பாடத்தில் போய் முடியும். ஒரு சம்பவத்துக்கு மூன்று குறிப்புகளை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டால் போதும். என் அட்டையில் "இரட்டைப் பெயர், எட்டு இலக்கம், 3,650" என்று இருந்தது.

படி 5: முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பிறந்த கதை வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், அதற்கு எப்படி வந்தீர்கள், இந்த வேலை ஏன். ஒன்றரை நிமிடம்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் "இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் எப்போதும் கேட்பது: "இந்தப் பொறுப்புக்கு வருபவர் முதல் மூன்று மாதத்தில் எதை முடித்தால் நன்றாக இருக்கும்?" பதிலில் அந்த வேலையின் உண்மையான தலைவலி வெளியே வந்துவிடும்.

காணொளி நேர்காணல் என்றால் இரண்டே விஷயம். நாலு புத்தகத்தை அடுக்கி கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திரையில் உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: அனுபவமே இல்லாதவர்கள் சம்பவத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தார்கள். படிக்கும்போது செய்த புராஜெக்ட், நடத்திய விழா, தன்னார்வ வேலை எல்லாமே செல்லும். அங்கேயும் "யார்?" என்ற வட்டம் போட மறக்காதீர்கள், குழு புராஜெக்டில்தான் "நாங்கள்" அதிகம்.

பின்சேர்க்கை 2: பதில் தெரியாத கேள்வி வந்தால்? 1921-இல் தாமஸ் எடிசன் வேலை கேட்டு வந்தவர்களுக்கு ஏறத்தாழ 150 பொது அறிவுக் கேள்விகள் கொடுத்து வடிகட்டினார். கேள்விகள் பத்திரிகையில் வெளியாகிப் பெரிய பேச்சானது. அந்த ஆண்டு பாஸ்டனுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அந்தப் பாணியில் ஒலியின் வேகத்தைக் கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதையெல்லாம் தலையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. "இது எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் இதைப் பார்ப்பேன், பிறகு இதை" என்று வழியைச் சொல்லுங்கள். சுற்றி வளைத்து மழுப்புவதை எதிரே இருப்பவர் பத்தே விநாடியில் கண்டுபிடித்துவிடுவார்.

பின்சேர்க்கை 3: ஆங்கிலத்தில் நடக்கும் நேர்காணலுக்கும் இதே முறைதானா என்று இன்னொருவர் கேட்டார். இதேதான், ஆனால் முதல் பதிவைத் தமிழிலேயே செய்யுங்கள். சம்பவம் தமிழில் கோர்வையாக வந்த பிறகு ஆங்கிலத்தில் பேசிப் பதியுங்கள். எங்கே திக்குகிறீர்களோ அந்த நாலைந்து சொற்களை மட்டும் தேடி அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டால் போதும். எனக்கு "இரட்டைப் பதிவு" என்பதற்குத்தான் சொல் வரவில்லை.