பின்தங்கிய கேமரா நிறுவனம் எட்டிப் பிடிக்குமா? லென்ஸுக்குப் பணம் போடும் முன் கணித்துப் பார்ப்பது எப்படி

"இந்தக் கம்பெனி மிரர்லெஸ்ஸில் தேறுமா, நம்பி இறங்கலாமா?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) விவரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், வீடியோ 4கே 60 உண்டா. நானும் முன்பு அப்படித்தான் வாங்கினேன். பட்டியல் பிரமாதமாக இருந்தது. மூன்று லென்ஸ் சேர்த்த பிறகு அந்த மவுண்டுக்கு, அதாவது பாடியில் லென்ஸ் மாட்டுகிற அந்த வகை வளையத்துக்கு, புது லென்ஸ் வருவதே நின்றுபோனது. பாடி இன்றும் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அங்கிருந்து மேலே போக வழியில்லை, லென்ஸை விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தைப் பற்றி யோசித்தாலும் கீழே சொல்கிற வரிசையில்தான் பார்க்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு தாளை எடுத்து, இடைவெளியை ஆண்டுக்கணக்கில் எழுதுங்கள். "பின்தங்கியிருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் புரியாது. முன்னணியில் இருப்பவர் ஒரு வசதியை எந்த ஆண்டு கொண்டுவந்தார், நீங்கள் பார்க்கிற நிறுவனம் அதை எந்த ஆண்டு கொண்டுவந்தது என்று ஜோடி ஜோடியாக எழுதுங்கள். பழைய 35 மி.மீ ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள முழு அளவு சென்சாரும் ஆட்டோஃபோகஸும் கொண்ட மிரர்லெஸ்ஸை சோனி 2013 அக்டோபரில் ஏ7, ஏ7ஆர் என்று அறிவித்தது. நிக்கானின் இசட் 6, இசட் 7 வந்தது 2018 ஆகஸ்டில், கேனானின் ஈஓஎஸ் ஆர் அதே ஆண்டு செப்டம்பரில். ஐந்து ஆண்டு இடைவெளி. அடுத்த ஜோடி: அடுக்குச் சென்சாரை (மெமரியையும் சேர்த்து அடுக்கியதால் மிக வேகமாக வாசிக்கிற சென்சார்) வைத்து, வியூஃபைண்டர் கறுத்துப்போகாமல் நொடிக்கு 20 படம் எடுக்கிற ஏ9 வந்தது 2017இல். அதே வகைச் சென்சாருடன் கேனானின் ஆர்3, நிக்கானின் இசட் 9 இரண்டும் வந்தது 2021இல். நான்கு ஆண்டு. ஐந்து ஆண்டு நான்கு ஆண்டாகக் குறைவது பெரிய மாற்றமா என்று தோன்றலாம். ஆனால் இசட் 9இல் இயந்திர ஷட்டரே கிடையாது, சென்சார் ஏறத்தாழ 4 மில்லி நொடியில் முழுப் படத்தையும் வாசித்துவிடுகிறது, அது ஏ9ஐவிட வேகம். வந்தது தாமதமாகத்தான், ஆனால் வந்த இடம் முன்னவர் அன்று நின்ற இடத்துக்கும் கொஞ்சம் முன்னால். நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்: இடைவெளி சுருங்குகிறதா, அப்படியே நிற்கிறதா, நீள்கிறதா. நான்கைந்து ஜோடி எழுதினால் போக்கு தானாகத் தெரிந்துவிடும்.

முதல் பாடியை வைத்து யாரையும் தள்ளிவிடாதீர்கள், தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். இசட் 6, இசட் 7இல் கார்டு போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது, திருமணம் எடுக்கிறவர்கள் அதைப் பார்த்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டார்கள். ஈஓஎஸ் ஆரில் பாடிக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லை, பின்னால் தொட்டுத் தேய்க்கிற ஒரு பட்டை வைத்தார்கள், அது பலருக்கும் பிடிக்கவில்லை. சோனியின் முதல் ஏ7இலும் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், அதற்கென்று இருந்த லென்ஸ்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மூன்று பேரும் அப்படித்தான் தொடங்கினார்கள். அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிக்கான் 2020இல் இரண்டாம் தலைமுறையில் இரண்டு கார்டு இடம் கொடுத்தது. கேனான் அந்தத் தேய்க்கும் பட்டையைத் தூக்கிவிட்டு, 2020இல் ஆர்5, ஆர்6 இரண்டிலும் அதிர்வுத் தடுப்பைக் கொண்டுவந்தது. சோனி 2017இல் ஏ9உடன் பெரிய பேட்டரிக்கு மாறியது. வாங்கியவர்கள் சத்தமாகச் சொன்ன குறை அடுத்த பாடியிலேயே சரியானதா என்று பாருங்கள். இரண்டு தலைமுறை தாண்டியும் அதே குறை அப்படியே இருந்தால், அங்கே முடிவெடுக்கிறவர்களுக்கு அது கேட்கவில்லை என்று அர்த்தம்.

இதற்கு நல்ல உதாரணம் பானாசோனிக். மிரர்லெஸ்ஸைத் தொடங்கி வைத்ததே அவர்கள்தான், 2008இல் ஜி1. வீடியோவில் பல ஆண்டுகள் அவர்களுக்குத்தான் மரியாதை. ஆனால் ஆட்டோஃபோகஸில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, படத்தின் ஒளி மாறுபாட்டை வைத்து ஃபோகஸைக் கண்டுபிடிக்கிற முறையையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் சென்சாரிலேயே கட்ட வேறுபாட்டுப் புள்ளிகளை (லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று நேராகச் சொல்பவை) வைத்துவிட்ட பிறகும் விடவில்லை. வீடியோவில் பின்னணி மெல்லத் துடிப்பதை எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் எஸ்5 II வந்தபோதுதான் மாறினார்கள். மாறிய உடனேயே அந்தப் பாடி பேசப்பட்டது, ஏனென்றால் மற்றதெல்லாம் ஏற்கெனவே நன்றாக இருந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. நல்ல கேமரா செய்யத் தெரிந்தவர்கள் ஒரே ஒரு பிடிவாதத்தால் இத்தனை வருடம் வாடிக்கையாளர்களை இழந்தார்கள்.

சரி, இப்போது மவுண்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் பாதி விடை இங்கேதான்.

பாடி மூன்று நான்கு ஆண்டில் மாறிவிடும். மவுண்ட் பல பத்தாண்டு இருக்க வேண்டிய பொருள். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் பிறந்தது, கேனானின் இஎஃப் 1987இல். அதனால் ஒரு நிறுவனம் புது மவுண்டை எப்படி வடிவமைத்தது என்பதில் அதன் எண்ணம் தெரிந்துவிடும். நிக்கான் 2011இல் நிக்கான் 1 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஓர் அங்குலச் சென்சார். அதன் ஆட்டோஃபோகஸ் அன்றைக்கு மிக வேகம், சென்சார் மேலேயே கட்ட வேறுபாட்டுப் புள்ளிகள் இருந்தன. ஆனால் சென்சாரே அவ்வளவு சின்னது என்றால் அதில் எவ்வளவு தூரம் போக முடியும்? தன் டி.எஸ்.எல்.ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) விற்பனைக்கு அடி விழக் கூடாது என்று பயந்து செய்த கேமரா என்றுதான் நான் நினைக்கிறேன். 2018இல் அதை முடித்துவிட்டார்கள். அதே ஆண்டு வந்த இசட் மவுண்டின் விட்டம் 55 மி.மீ, சென்சாருக்கும் மவுண்டுக்கும் இடையே 16 மி.மீ மட்டும். இது தயங்கிச் செய்த வடிவமைப்பு இல்லை. கேனானிலும் இதே கதைதான், 2012இல் ஈஓஎஸ் எம், பிறகு 2018இல் ஆர்எஃப். எம் லென்ஸை ஆர் பாடியில் மாட்டவே முடியாது, ஏனென்றால் எம் மவுண்டின் இடைத்தூரம் 18 மி.மீ, ஆர்எஃப்பின் இடைத்தூரம் 20. அதிக தூரத்துக்கான லென்ஸைக் குறைந்த தூரப் பாடியில் அடாப்டர் வைத்து மாட்டலாம், தலைகீழாக முடியாது. 2023இல் எம் வரிசை முடிந்தது. ஆகவே ஒரே நிறுவனத்திடம் இரண்டு மிரர்லெஸ் மவுண்ட் இருந்தால், எது அதன் எதிர்காலம் என்று தெளிவாகத் தெரிகிற வரை இரண்டிலும் பணம் போடாதீர்கள். நிறுவனம் எட்டிப் பிடித்தாலும் நீங்கள் பழைய பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அப்புறம் லென்ஸ் பட்டியல். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், பாடியோடு சேர்த்து விற்கிற கிட் ஜூம்கள் எண்ணிக்கையை ஊதிவிடும். உங்களுக்கு வேண்டிய நான்கு லென்ஸை எழுதுங்கள், ஒவ்வொன்றும் இன்று கடையில் கிடைக்கிறதா, இனி வரும் என்று சொல்கிற திட்ட வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா என்று குறியுங்கள். நிறுவனங்கள் வெளியிடுகிற லென்ஸ் வரைபடத்தின் பழைய பதிப்பைத் தேடி எடுத்து, அதில் சொன்னவை சொன்ன காலத்தில் வந்தனவா என்று ஒப்பிடுங்கள். பலரும் செய்யாத வேலை இது, பத்து நிமிடம்தான் ஆகும், ஒரு விமர்சன வீடியோ தருவதைவிட அதிகம் சொல்லும். மலிவான, சிறிய பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். விலை உயர்ந்த பெரிய லென்ஸை முதலில் கொண்டுவருவது கவனத்தை ஈர்க்க. மலிவான 40, 35 மி.மீ லென்ஸைக் கொண்டுவந்தால் அதிகம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

வெளி நிறுவனங்களுக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சோனி 2011இலேயே ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களைக் கட்டணமில்லாமல் மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் இன்று அந்த மவுண்டில் குவிந்து கிடப்பதற்கு அது பெரிய காரணம். நிக்கான் பிற்பாடு டாம்ரானுக்கும் சிக்மாவுக்கும் உரிமம் கொடுத்தது. பானாசோனிக், லைக்கா, சிக்மா மூவரும் 2018இல் எல் மவுண்டைப் பகிர்ந்துகொண்டார்கள். கேனான் ஆர்எஃப்பை நீண்ட நாள் பூட்டியே வைத்திருந்து, 2024இல் சிக்மா, டாம்ரானின் ஏபிஎஸ்-சி (முழு அளவைவிடச் சிறிய சென்சாருக்கான) லென்ஸ்களுக்குக் கதவைத் திறந்தது. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கதவைப் பூட்டி வைத்தும் கேனான் வேகமாக எட்டிப் பிடித்துவிட்டது, சொந்த லென்ஸ்களும் பழைய இஎஃப் வாடிக்கையாளர்களும் அவ்வளவு பலம். பூட்டு நிறுவனத்தைத் தடுக்கவில்லை, வாங்குகிறவர்களின் பர்ஸைத்தான் தடுத்தது. நிறுவனம் ஜெயிக்குமா, அது ஜெயித்தால் எனக்கு நல்லதா என்பது இரண்டு தனிக் கேள்விகள்.

அடுத்து, அந்த நிறுவனத்தின் மற்ற அலமாரிகளைத் திறந்து பாருங்கள். தாமதமாக வருகிறவர்களிடம் தேவையான பாகங்கள் வேறு எங்காவது தயாராக இருக்கலாம். ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்துக் கட்ட வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிற கேனானின் இரட்டைப் பிக்சல் ஆட்டோஃபோகஸ் 2013இலேயே 70டி என்ற டி.எஸ்.எல்.ஆரில் வந்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு நேரலைத் திரையில் வீடியோ எடுத்தவர்களுக்கு அது எவ்வளவு நன்றாகப் பின்தொடரும் என்று அப்போதே தெரியும். மிரர்லெஸ்ஸுக்கு வேண்டிய முக்கியமான பாகம் கையில் இருந்தது, இறங்க மனம்தான் வரவில்லை. சென்சார் விஷயத்தில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம், சோனியின் செமிகண்டக்டர் பிரிவு போட்டியாளர்களுக்கும் சென்சார் விற்கிறது. ஃபர்ம்வேரும் (கேமராவுக்குள் ஓடுகிற மென்பொருள்) பாகங்களை ஒன்றாக ஓட வைக்கிற செயலியும்தான் கடையில் கிடைக்காதவை.

அந்த ஃபர்ம்வேர் வரலாற்றை நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்திலேயே படிக்கலாம். ஒரு பாடியைத் தேர்ந்தெடுத்து, வந்த நாளிலிருந்து என்னென்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். பிழை திருத்தம் மட்டுமா, புது வசதியுமா? ஃபுஜிஃபிலிம் 2013இல் எக்ஸ்100எஸ் வந்த பிறகும், அதே ஆண்டு அக்டோபரில் பழைய எக்ஸ்100க்கு ஆட்டோஃபோகஸை வேகமாக்கி, ஃபோகஸான விளிம்புகளை எடுத்துக்காட்டுகிற ஃபோகஸ் பீக்கிங்கும் சேர்த்துக் கொடுத்தது. இனி அதை விற்கப் போவதில்லை, இருந்தும் செய்தார்கள். இப்படிச் செய்கிறவர்கள் பின்தங்கியிருந்தாலும் நான் கூடவே நடக்கத் தயார்.

ஆனால் நல்ல பாடி, நல்ல ஃபர்ம்வேர் இரண்டும் இருந்தும் கை விட்டுப்போன கதை ஒன்று உண்டு, அதை மறக்கவே கூடாது. சாம்சங் 2014இல் கொண்டுவந்த என்எக்ஸ்1: 28 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவில் பின்புற ஒளியூட்டச் சென்சார் (வயரிங் பின்னால் போனதால் அதிக ஒளி வாங்குவது), நொடிக்கு 15 படம், 4கே வீடியோ. அன்றைக்கு அந்த அளவுச் சென்சாரில் அதற்கு இணை இல்லை. ஃபர்ம்வேரும் தொடர்ந்து வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் சாம்சங் இந்தத் தொழிலிலிருந்தே வெளியேறிவிட்டது. அவர்களுக்குக் கேமரா என்பது போன், டிவி, மெமரிக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டு. எனவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, இமேஜிங் பிரிவு மொத்த வருவாயில் எவ்வளவு, லாபம் தருகிறதா என்று மூன்று ஆண்டுக்குப் பாருங்கள். கேமரா போனால் நிறுவனத்தின் முகமே போய்விடும் என்கிற நிலையில் இருப்பவர்கள் எளிதில் விடமாட்டார்கள். சந்தையும் பழைய சந்தை இல்லை. 2010இல் டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்டன, 2020இல் 1 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. பெரும் சரிவு பாக்கெட் கேமராவில்தான், ஆனாலும் எல்லோருக்கும் தாராளமாக இடமிருந்த காலம் போய்விட்டது. மாத விற்பனைப் பட்டியலில் யார் முதலிடம் என்று அடித்துக்கொள்வதைக் கண்டுகொள்ளாதீர்கள், அவற்றில் பல ஒரே நாட்டின் கடைக் கணக்கு.

காகித வேலை முடிந்தது, இப்போது பாடியைக் கையில் எடுங்கள். கடையிலோ வாடகைக்கோ, ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஒருவரை உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள், நடுவில் ஒருமுறை முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கட்டும், இன்னொருவர் குறுக்கே கடந்து போகட்டும். 30 படம் எடுத்து, முழு அளவில் பெரிதாக்கி, கண்ணில் ஃபோகஸ் விழுந்த படங்களை எண்ணுங்கள். மங்கலான வெளிச்சத்தில் திரும்பச் செய்யுங்கள், வித்தியாசம் அங்கேதான் வெளிப்படும். பிறகு ஓசையற்ற ஷட்டரில் வைத்து, ஒரு கம்பத்தைக் கடந்து கேமராவைச் சட்டென்று திருப்பியபடி படமெடுங்கள். கம்பம் சாய்ந்து விழுந்தால் சென்சார் வாசிப்பு மெதுவானது. முடிந்தால் முன்னணிப் பாடியிலும் இதையே செய்யுங்கள். இரண்டு எண்ணிக்கையும் உங்களுக்கு ஒன்றுபோலத் தெரிந்தால், நீங்கள் எடுக்கிற படங்களைப் பொறுத்தவரை அந்த நிறுவனம் ஏற்கெனவே எட்டிப் பிடித்தாயிற்று. குழந்தைகளையும் ஊர்களையும் எடுக்கிறவர்களுக்கு, விளையாட்டு மைதானத்தில் நிற்பவர்களின் இடைவெளி பொருந்தாது.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். அடாப்டர் இருக்கிறது என்றால் எல்லா லென்ஸும் முழுதாக வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது, அதனால் பாடியின் திருகால் ஓடுகிற ஏஎஃப்-டி லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருப்ப வேண்டும். உங்கள் லென்ஸின் பெயரை அடாப்டரின் பொருத்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனம் நடுவில் நின்றால், அந்த மவுண்டில் ஒரு பாடியும் ஒரு லென்ஸும் மட்டும், பழையதாகக் கிடைத்தால் பழையதாகவே, வாங்கிப் பயன்படுத்துங்கள். இரண்டாவது லென்ஸை அடுத்த பெரிய ஃபர்ம்வேர் வரும் வரை தள்ளிப்போடுங்கள்.