தின்னத் தின்ன மெலிந்தாள்

கல்லடியில் எங்கள் வீட்டுப் பூனை சுந்தரிக்கு வயது 13. திடீரென்று ஓயாத பசி. சூடை மீனும் சோறும் தின்று பத்து நிமிடம் ஆகாது, மறுபடி குசினி வாசலில் நின்று கத்துவாள். நல்லாத்தானே சாப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன். அது என் பிழை. ஒருநாள் தூக்கினபோது முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகக் கையில் தட்டுப்பட்டது. நிறுத்துப் பார்த்தால் 2.9 கிலோ, முன்பு 4 கிலோவுக்கு மேல்.

பூச்சி மருந்து கொடுத்தோம், மாற்றமில்லை. மிருக வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் டி4 என்ற தைரொய்ட் ஓமோனின் அளவு பார்க்கச் சொன்னார். தைரொய்ட் கூடியிருந்தது. கழுத்திலுள்ள இந்தச் சுரப்பி மிதமிஞ்சிச் சுரந்தால் தின்றதெல்லாம் எரிந்துபோகும். வயதான பூனைகளுக்கு அடிக்கடி வருவதுதான். நீரிழிவிலும் இப்படி மெலியும் என்பதால் சீனியையும், கூடவே சிறுநீரகத்தையும் பார்த்தார்கள்.

தைரொய்ட் சுரப்பைக் குறைக்கும் மெதிமசோல் குளிசை, காலையும் மாலையும். வெறுமனே வைத்தால் துப்பிவிடுவாள். முள் எடுத்த அவித்த மீனுக்குள் பொதிந்து, முதலில் குளிசை இல்லாத உருண்டை ஒன்று, அப்புறம் இது. மூன்று கிழமையில் கத்தல் குறைந்தது. திரும்ப இரத்தம் பார்த்து மருந்தின் அளவை மாற்றினார்.

ஞாயிறுதோறும் அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, என் நிறையைக் கழித்துப் பார்க்கிறேன். போன ஞாயிறு 3.6.