கொட்டையா, தூளா? காபி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஃபில்டர் காபி போட ஆரம்பிக்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் கொட்டையில்தான் கை வைக்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். வறுத்த கொட்டை வாரக்கணக்கில் மணத்தோடு இருக்கும். அரைத்த தூள் சில நாளிலேயே சோர்ந்துவிடும். கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு, அரைத்த நிமிடத்திலிருந்தே மணத்தையும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறது. ஆனால் அந்த ஆசையில் அவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் ஆரம்ப காலத்தில் நான் செய்தவை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டப்பாவை இறுக்கி மூடு, ஈரக் கரண்டி போடாதே என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மிக்ஸியை நம்பிக் கொட்டை வாங்குவது

பணத்தையும் நல்ல கொட்டையையும் ஒருசேரப் பாழாக்குவது இதுதான். எனக்கு இன்னமும் எரிச்சல் வருவதும் இதைப் பார்த்துத்தான்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி குடகிலிருந்து அருமையான பீபெர்ரி (பழத்துக்குள் இரண்டாகப் பிளவுபடாமல் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) வரவழைத்திருந்தார். ஒருநாள் காலையில், "அண்ணா, டிகாக்‌ஷன் இறங்கவே மாட்டேங்குது. ஃபில்டர்ல கோளாறா?" என்று வந்து நின்றார். போய்ப் பார்த்தேன். மேல் பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கீழே அரை டம்ளர்கூட இல்லை. இறங்கியதை நாக்கில் வைத்தால் வெறும் கசப்பு. மீதித் தூளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் பரப்பிக் காட்டினேன். பாதி, விரலில் ஒட்டும் மாவு. மீதி, கடுகளவு குருணை.

ஃபில்டரில் ஒரு கோளாறும் இல்லை. மிக்ஸி பிளேடு அரைப்பதில்லை, வெட்டி வீசுகிறது. அகப்பட்டது திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டு மாவாகும். தப்பித்தது குருணையாகவே நிற்கும். மாவு ஃபில்டரின் கண்ணை அடைப்பதோடு தன் கசப்பையும் முழுக்க இறக்கிவிடும். குருணையோ சாரத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் சரியாகிவிடும் என்று ஓட்டினால் ஜார் சூடேறி மணம் அங்கேயே போகிறது. போதாக்குறைக்கு அது முந்தின நாள் சாம்பார்ப் பொடி அரைத்த ஜார்! மல்லி, மிளகாய் வாசனை மூடியின் ரப்பரில் ஏறிக்கொண்டால் எத்தனை கழுவினாலும் காபியில் வந்து நிற்கும்.

கொட்டை வாங்குவதென்றால் பர் கிரைண்டர் வேண்டும். அதில் பல் வைத்த இரண்டு பாகங்களுக்கு நடுவே, நாம் வைத்த இடைவெளியில் கொட்டை அரைபடும். தூளும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். அந்தக் காலத்து வீடுகளில் பலகையில் திருகி வைத்துக் கையால் சுற்றிய காபி மிஷினும் இந்த வேலையைத்தான் செய்தது. இப்போது ஓரளவு நல்ல கைக் கிரைண்டருக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதை வாங்கும் எண்ணம் இல்லையென்றால் கொட்டையே வேண்டாம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகளில் 100, 200 கிராமாக வாங்கிக்கொள்ளுங்கள், அது எவ்வளவோ மேல். தம்பியின் மிச்சக் கொட்டையைத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அரைத்துக் கொடுத்தார். மறுநாள் அதே ஃபில்டரில் டிகாக்‌ஷன் திக்காக இறங்கியது.

மாதச் சாமானோடு தூள் வாங்குவது

வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவோ அவ்வளவு.

எதற்கு என்று சொல்லாமல் அரைக்கக் கொடுப்பது

"ஃபில்டருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரெஞ்சு பிரஸ்ஸுக்குக் கொரகொரப்பாகவும் எஸ்பிரஸோவுக்கு மிக நைஸாகவும் அரைப்பார்கள். நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் லேசாக நெருட வேண்டும்.

சிக்கரியை மறப்பது

சிக்கரி என்பது காபித் தூளோடு கலக்கும், வறுத்துப் பொடித்த ஒரு செடியின் வேர். கொட்டைக்கு மாறுகிறவர்களுக்கு இது கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. வீட்டில் பழகிய ருசி 80 பங்கு காபியும் 20 பங்கு சிக்கரியும் சேர்ந்த கலவையுடையது என்றால், வெறும் காபியில் அந்த நிறமும் கெட்டியும் வராது. சிக்கரித் தூளைத் தனியே, கொஞ்சமாக வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். அது ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் சீக்கிரமே கட்டி தட்டிவிடும். கலவைத் தூளாக வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் மேல் சிக்கரி சதவீதத்தைப் பாருங்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி. அதாவது ஏறக்குறைய பாதி சிக்கரியாக இருந்தாலும் அது சட்டப்படி சரியான பாக்கெட்தான்.

ஃபிரிட்ஜில் வைப்பது

குளிர்ந்த டப்பாவை நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்தால் உள்ளே வியர்க்கும். இருட்டான அலமாரி போதும்.

பேக்கிங் தேதியை நம்புவது

அது பாக்கெட்டில் அடைத்த நாள். வறுத்த நாள் அதற்கு எவ்வளவோ முன்னால் இருக்கலாம். எப்போது வறுத்தது என்று கடையில் கேளுங்கள். மாதக்கணக்கில் கிடந்ததென்றால், கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைத்தாலும் மணம் வராது.